டைம்ஷேர் எக்ஸ்சேஞ்ச்: வாரத்தை டெபாசிட் செய்வதற்கு முன் போட வேண்டிய கணக்கு

எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது தங்கள் டைம்ஷேர் வாரத்தைக் கொடுத்து வேறு ரிசார்ட்டில் ஒரு வாரம் வாங்குவதற்கு, புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று வேலைகளை இந்த வரிசையில் செய்கிறார்கள்: எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தில் கணக்குத் தொடங்குவது, வாரத்தை டெபாசிட் செய்வது (அந்த நிறுவனத்திடம் ஒப்படைப்பது), அதன் பிறகு எங்கே போகலாம் என்று தேடுவது. வரிசை தலைகீழ். டெபாசிட் செய்த வாரம் அநேகமாகத் திரும்பக் கிடைக்காது. அதனால் செலவுக் கணக்குப் போடுவது முதலில், தேடிப் பார்ப்பது இரண்டாவது, டெபாசிட் கடைசியில்.

அமெரிக்காவில் வாரமாகவோ புள்ளியாகவோ டைம்ஷேர் வைத்திருப்பவர்களுக்கான வழிகாட்டி இது. எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்கள் கட்டணத்தை அடிக்கடி ஏற்றுகின்றன. ஆகவே கீழே உதாரணக் கணக்குகளில் வரும் டாலர் தொகைகள் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்ட முழு எண்கள். அந்த இடத்தில் உங்கள் ஆண்டு பில்லிலும் நிறுவனத்தின் கட்டணப் பட்டியலிலும் உள்ள தொகையைப் போட்டுப் பாருங்கள்.

1. கையில் இருப்பது என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள்

தேவையானவை: டைம்ஷேர் பத்திரம் அல்லது ஒப்பந்தம், கடைசியாக வந்த பராமரிப்புக் கட்டண பில், ரிசார்ட்டின் உரிமையாளர் தளத்தில் நுழைவதற்கான கணக்கு. இவற்றிலிருந்து குறித்துக்கொள்ள வேண்டியவை: நிலையான வாரமா (ஆண்டுதோறும் அதே வாரம்), மிதக்கும் வாரமா (சீசனுக்குள் முன்பதிவு செய்து பிடிக்கும் வாரம்), புள்ளியா (வாரத்துக்குப் பதில் புள்ளிகளைச் செலவழித்துத் தங்குவது), ஆண்டுதோறுமா, ஒற்றைப்படை அல்லது இரட்டைப்படை ஆண்டுகளில் மட்டுமா, எத்தனை பெட்ரூம், லாக்-ஆஃப் (ஒரே யூனிட்டை இரண்டாகப் பிரிக்கும் வசதி) உண்டா, பில் தொகை, கட்ட வேண்டிய கடைசித் தேதி.

எத்தனை பேர் தங்கலாம் என்பதற்கு ‘6/4’ போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் சோபா கட்டிலையும் சேர்த்து மொத்தம் படுக்கக்கூடியவர்கள். இரண்டாவது, இன்னொருவர் படுக்கும் இடத்தைக் கடக்காமல் குளியலறைக்குப் போகக்கூடியவர்கள். இரண்டாவது எண்தான் வசதியைச் சொல்கிறது. எக்ஸ்சேஞ்சில் மதிப்பு போடும்போது அதற்கும் கணக்கு உண்டு.

நிலையான வாரம் வைத்திருப்பவர்கள் வார எண்ணோடு நிறுத்தக்கூடாது. உள்ளே போகும் கிழமையையும் பார்க்க வேண்டும். வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று வகை நாட்காட்டிகள் இருக்கின்றன. 26-ஆம் வாரமா 27-ஆம் வாரமா என்பதைப் பொறுத்து ஜூலை 4 உங்கள் வாரத்துக்குள் விழலாம், வெளியேயும் விழலாம். சில ஆண்டுகளில் 53-ஆவது வாரமும் வரும். நாட்காட்டியை மாற்றிப் படித்துவிட்டு, பயணச் சீட்டு வாங்கிய பிறகு தவறைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

மிதக்கும் வாரம் வைத்திருப்பவர்கள் இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் மதிப்பு போடுவது ஒப்பந்தத்தில் உள்ள ‘சிவப்பு சீசன்’ (கிராக்கி அதிகமான பருவம்) என்ற சொல்லுக்கு அல்ல. ரிசார்ட்டில் நீங்கள் முன்பதிவு செய்து ஒப்படைக்கும் குறிப்பிட்ட வாரத்துக்குத்தான் மதிப்பு. ஒரே சிவப்பு சீசனில் ஜூலை முதல் வாரமும் இருக்கும், யாரும் சீந்தாத வாரமும் இருக்கும். முன்பதிவு திறக்கும் நாளை ரிசார்ட்டில் கேட்டு, அன்று காலையிலேயே நல்ல வாரத்தைப் பிடியுங்கள். பதிவு செய்யாமல் ‘என் வாரத்தை டெபாசிட் செய்துவிடுங்கள்’ என்று மட்டும் சொன்னால், ரிசார்ட் மிச்சமிருக்கும் ஏதோ ஒரு வாரத்தைக் கொடுத்துவிடும். பராமரிப்புக் கட்டணம் என்னவோ அதேதான்.

2. எந்தக் கதவுகள் திறந்திருக்கின்றன என்று பாருங்கள்

முதல் கதவு உள் எக்ஸ்சேஞ்ச். உங்கள் ரிசார்ட் ஒரு பெரிய குழுமத்தைச் சேர்ந்ததாக இருந்தால், அதே குழுமத்தின் வேறு ரிசார்ட்டுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கும். கட்டணம் பெரும்பாலும் குறைவு. சில கிளப்களில் (குழுமம் தன் உரிமையாளர்களுக்காக நடத்தும் திட்டம்) ஆண்டுக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். வெளியே போவதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும். பலர் இதைப் பார்க்காமலேயே வெளிக் கணக்குத் தொடங்குகிறார்கள்.

இரண்டாவது, பெரிய நிறுவனங்கள் இரண்டு: ஆர்.சி.ஐ., இன்டர்வல் இன்டர்நேஷனல். எதில் சேர்வது என்பது பெரும்பாலும் உங்கள் கையில் இல்லை; ரிசார்ட் எதோடு ஒப்பந்தம் செய்திருக்கிறதோ அதுதான். விண்டம் ஆர்.சி.ஐ. பக்கம். மேரியட், வெஸ்டின், ஷெரட்டன், ஹயாட் டைம்ஷேர்கள் இன்டர்வல் பக்கம். டிஸ்னி வெக்கேஷன் கிளப் 2022 முதல் இன்டர்வலில் இருக்கிறது. இரண்டு நிறுவனங்களோடும் ஒப்பந்தம் உள்ள ரிசார்ட்டுகளும் உண்டு. அங்கேதான் தேர்வு என்ற பேச்சே வருகிறது. அப்படியிருந்தால், நீங்கள் போக விரும்பும் ஊர்களில் யாரிடம் அதிக ரிசார்ட்டுகள் என்பதை வைத்து முடிவெடுங்கள். கட்டண வித்தியாசம் அதற்கு அடுத்ததுதான்.

உங்கள் கணக்கு தனிநபர் கணக்கா, கிளப் வழியாக வரும் கணக்கா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கிளப் கணக்கில் எக்ஸ்சேஞ்ச் உறுப்பினர் கட்டணம் ஏற்கெனவே ஆண்டு பில்லுக்குள் இருக்கும். தெரியாமல் தனியாக இன்னொரு உறுப்பினர் கட்டணம் கட்டினால் அது வீண் செலவு.

மூன்றாவது, சிறிய நிறுவனங்கள். முன்பு டயல் ஆன் எக்ஸ்சேஞ்ச் என்று இருந்த 7அக்ராஸ், பிளாட்டினம் இன்டர்சேஞ்ச் போன்றவை இந்த வகை. ரிசார்ட்டோடு ஒப்பந்தம் தேவையில்லை. உரிமையாளர் நேரடியாக வாரத்தைக் கொடுக்கலாம். கட்டணம் குறைவாக இருக்கும், விதிகளும் எளிது. குறை ஒன்றுதான்: இருப்பு குறைவு. மற்ற உரிமையாளர்கள் கொடுத்ததுதான் அங்கே கிடைக்கும். எனவே ‘இந்த ஊர், இந்த வாரம்’ என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு இவை ஒத்துவராது. தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய ஓய்வுபெற்றவர்களுக்கு நன்றாக ஒத்துவரும்.

நான்காவது கதவை எக்ஸ்சேஞ்ச் என்று யாரும் சொல்வதில்லை: உங்கள் வாரத்தை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் வேண்டிய இடத்தை வாடகைக்கு எடுப்பது. 4-ஆம் படியில் இந்தக் கதவு மறுபடியும் வரும். பலருக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

3. எல்லாக் கட்டணங்களையும் ஒரே பட்டியலில் கொண்டுவாருங்கள்

விளம்பரத்தில் தெரிவது எக்ஸ்சேஞ்ச் கட்டணம் மட்டும். பட்டியலில் வர வேண்டியவை இன்னும் பல.

ஆண்டு உறுப்பினர் கட்டணம். எக்ஸ்சேஞ்ச் செய்யாத ஆண்டிலும் இது போய்க்கொண்டே இருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பயணம் செய்பவர் ஓர் எக்ஸ்சேஞ்சின் மேல் இரண்டு ஆண்டு உறுப்பினர் கட்டணத்தையும் ஏற்றிக் கணக்குப் போட வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் கட்டணம். ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனித்தனி. சில குழும ரிசார்ட்டுகளுக்குள் போவதற்குக் கூடுதல் தொகை உண்டு. இன்டர்வலில் நீங்கள் கொடுத்ததைவிடப் பெரிய யூனிட்டை எடுத்தால் அளவு உயர்வுக் கட்டணம் சேரலாம்.

விருந்தினர் சான்றிதழ். நீங்கள் போகாமல் வேறு யாரையாவது அனுப்பினால் அவர்கள் பெயரில் கெஸ்ட் சர்டிபிகேட் வாங்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவைத் தனியாக ஒரு வாரம் அனுப்பிவைக்க நினைப்பவர்களுக்கு இது கட்டாயச் செலவு.

டெபாசிட் நீட்டிப்பு, டெபாசிட்டுகளைச் சேர்க்கும் கட்டணம், ரத்துப் பாதுகாப்பு. இவை தேவைப்பட்டால் மட்டும்.

ரிசார்ட்டில் போய்க் கட்டுவது. ஹவாயில் எக்ஸ்சேஞ்சில் வருகிறவர்களிடமும் நாள் கணக்கில் தங்கும் வரி வாங்குவார்கள். சில இடங்களில் தினசரி ரிசார்ட் கட்டணம் உண்டு. மெக்சிகோவிலும் கரீபியனிலும் சில ரிசார்ட்டுகளில் சாப்பாடு, பானம் எல்லாம் சேர்ந்த திட்டத்தை ஒவ்வொரு பெரியவருக்கும் கட்டாயமாக வாங்க வேண்டும். நான்கு பேர் குடும்பத்துக்கு அது எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தைப் பல மடங்கு தாண்டிவிடும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் அந்தத் தொகைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது.

4. ஓர் இரவின் விலையைக் கணக்கிடுங்கள்

பராமரிப்புக் கட்டணம் 1,200 டாலர், உறுப்பினர் கட்டணம் 120, எக்ஸ்சேஞ்ச் கட்டணம் 280 என்று வைத்துக்கொள்வோம்.

சாதாரண எக்ஸ்சேஞ்ச்: 1,200 + 120 + 280 = 1,600 டாலர். ஏழால் வகுத்தால் இரவுக்குச் சுமார் 229 டாலர். ‘280 டாலருக்கு ஒரு வாரம்’ என்று விற்பனையாளர் சொன்னது இதுதான்.

லாக்-ஆஃப் யூனிட்: இரண்டு பெட்ரூம் யூனிட்டை ஸ்டுடியோவாகவும் ஒரு பெட்ரூமாகவும் பிரித்து, தனித்தனியாக டெபாசிட் செய்து, இரண்டு வாரங்கள் வாங்கினால் 1,200 + 120 + 560 = 1,880 டாலர். 14 இரவுக்கு வகுத்தால் இரவுக்குச் சுமார் 134. பிரிப்பதற்கு ரிசார்ட் கட்டணம் கேட்டால் அதையும் கூட்டுங்கள்.

ஆர்.சி.ஐ. வாரக் கணக்கில் மீதி வாங்குவது: ஆர்.சி.ஐ.யில் ஒவ்வொரு டெபாசிட்டுக்கும் ‘ட்ரேடிங் பவர்’ என்று ஓர் எண் கிடைக்கும். எடுக்கும் வாரத்துக்கும் ஓர் எண் உண்டு. குறைவான எண்ணுள்ள வாரத்தை எடுத்தால் மீதி உங்கள் கணக்கிலேயே நிற்கும். உங்கள் டெபாசிட்டுக்கு 30 கிடைத்து, தலா 10 உள்ள மூன்று வாரங்களை இரண்டு ஆண்டுகளில் எடுத்தால்: 1,200 + 240 + 840 = 2,280 டாலர். 21 இரவுக்குப் பிரித்தால் இரவுக்குச் சுமார் 109.

கடைசி உதாரணத்தில் மொத்தச் செலவில் கிட்டத்தட்டப் பாதி எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்துக்கே போகிறது என்பதைக் கவனியுங்கள். வாரங்களைப் பெருக்கப் பெருக்கப் பராமரிப்புக் கட்டணம் பங்காகிக் குறைகிறது. எக்ஸ்சேஞ்ச் கட்டணம் குறைவதே இல்லை.

இப்போது அதே நிறுவனத்தின் தளத்தில் காசு கொடுத்து வாங்கும் வாரங்களைப் பாருங்கள். ஆர்.சி.ஐ.யில் அவை ‘எக்ஸ்ட்ரா வெக்கேஷன்ஸ்’, ‘லாஸ்ட் கால்’, இன்டர்வலில் ‘கெட்அவேஸ்’. உறுப்பினராக இருந்தால் போதும், டெபாசிட் வேண்டியதில்லை. ஒர்லாண்டோ போல ரிசார்ட்டுகள் மண்டிக்கிடக்கும் ஊர்களில், கூட்டமில்லாத மாதங்களில், காசு விலை எக்ஸ்சேஞ்ச் கட்டணத்துக்கு அருகிலேயே நிற்பதைப் பார்க்கலாம். அப்படிப்பட்ட வாரத்துக்கு டெபாசிட்டைச் செலவழித்தால் உங்கள் 1,200 டாலர் காற்றில் போனது போல. காசு கொடுத்து அதை வாங்கிவிட்டு, டெபாசிட்டைப் பள்ளி விடுமுறை வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். இந்த ஆண்டு என்ன செய்வது என்ற கேள்விக்குப் பராமரிப்புக் கட்டணம் ஒரு பொருட்டல்ல. அதை ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, என்ன செய்தாலும் திரும்பாது. இந்தக் கேள்விக்குப் பார்க்க வேண்டியது உங்கள் வாரம் வாடகைக்குப் போனால் கையில் என்ன நிற்கும் என்பது. நிகரமாக 700 டாலர் நிற்கும் என்றால், எக்ஸ்சேஞ்ச் செய்வதன் விலை 700 + 120 + 280 = 1,100 டாலர். நீங்கள் போக விரும்பும் இடம் வெளியே 900 டாலருக்கு வாடகைக்குக் கிடைத்தால் எக்ஸ்சேஞ்ச் நஷ்டம். 2,000 டாலர் கேட்கிறார்கள் என்றால் எக்ஸ்சேஞ்ச் லாபம். டைம்ஷேரையே வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்ற கேள்விக்குத்தான் 1,200 டாலரை உள்ளே கொண்டுவர வேண்டும். இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, ‘எப்படியும் கட்டியாச்சு’ என்று நல்ல வாரத்தை மட்டமான வாரத்துக்கு மாற்றுகிறவர்கள் அதிகம்.

வாடகை நிலவரம் பார்க்கும்போது ஹோட்டல் தளங்களில் போடும் விலையை அப்படியே எடுக்காதீர்கள். மற்ற உரிமையாளர்கள் தங்கள் வாரங்களை வாடகைக்கு விடும் தளங்களில், அதே ரிசார்ட், அதே அளவு யூனிட், அதே மாதத்துக்கு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே கேட்கும் விலையும் விற்கும் விலையும் ஒன்றல்ல. கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

5. டெபாசிட் செய்யாமல் தேடிப் பாருங்கள்

ஆர்.சி.ஐ. தளத்தில் டெபாசிட் கால்குலேட்டர் என்ற கருவி இருக்கிறது. வாரத்தை ஒப்படைப்பதற்கு முன்பே அதற்கு எத்தனை ட்ரேடிங் பவர் கிடைக்கும் என்று காட்டும். பதிவு செய்யக்கூடிய வாரங்கள் பல இருந்தால் ஒவ்வொன்றுக்கும் எண்ணைப் பார்த்து, அதிகம் உள்ளதைப் பதிவு செய்யுங்கள். பிறகு போக விரும்பும் ஊரில், விரும்பும் மாதத்தில், யூனிட்டுகள் என்ன எண்ணில் நிற்கின்றன என்று தேடுங்கள். உங்களிடம் 18, அங்கே 35 என்றால் விடை அப்போதே தெரிந்துவிட்டது.

ட்ரேடிங் பவர் எண்ணுக்கும் நீங்கள் கட்டும் பராமரிப்புக் கட்டணத்துக்கும் தொடர்பில்லை. அந்த வாரத்துக்கு எத்தனை பேர் கேட்கிறார்கள், எத்தனை வாரம் கிடக்கிறது, யூனிட் அளவு, ரிசார்ட்டின் தரம், எவ்வளவு முன்கூட்டி ஒப்படைக்கிறீர்கள் என்பவைதான் அதை முடிவு செய்கின்றன. ‘அவ்வளவு கட்டுகிறோமே’ என்ற வாதம் அங்கே எடுபடாது.

இன்டர்வல் தனிநபர் வாரங்களுக்கு எண்ணைக் காட்டாது. அங்கே வேறு வழி: ‘ரிக்வெஸ்ட் ஃபர்ஸ்ட்’. வாரத்தை ஒப்படைக்காமலேயே, அதை வைத்து என்ன கிடைக்கும் என்று தேடலாம், கோரிக்கையும் போடலாம். பொருந்தியது உறுதியான பிறகுதான் உங்கள் வாரம் கைமாறும். பொருந்தாவிட்டால் வாரம் உங்களிடமே இருக்கும், நீங்களே போய்த் தங்கலாம். இதற்குள்ள கட்டுப்பாடு: போகும் தேதி உங்கள் வாரத்தின் தேதிக்கு முன்னதாக இருக்க வேண்டும். உங்கள் வாரத்துக்குப் பிறகு பயணம் செய்ய நினைத்தால் ‘டெபாசிட் ஃபர்ஸ்ட்’ (முதலில் ஒப்படைத்துவிட்டுத் தேடுவது) தவிர வழியில்லை.

தேடும்போது இன்று என்ன தெரிகிறது என்பதோடு நிற்காமல், இரண்டு மூன்று வாரங்கள் வெவ்வேறு நாட்களில் பாருங்கள். நல்ல வாரங்கள் தளத்தில் சில மணி நேரம்கூட நிற்பதில்லை. ஒருநாள் தேடிவிட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று முடிவுக்கு வருவதும் தவறு. தெரிந்ததை வைத்து ‘எப்போதும் கிடைக்கும்’ என்று நம்புவதும் தவறு.

6. டெபாசிட் செய்யும் நேரம்

ஆர்.சி.ஐ.யில் வாரம் தொடங்க ஒன்பது மாதத்துக்கு முன்பே ஒப்படைத்தால் முழு மதிப்பு. அதற்குப் பிறகு நாள் குறையக் குறைய எண்ணும் குறையும். காரணம் எளிது: நிறுவனம் அந்த வாரத்தை இன்னொருவருக்குக் கொடுக்க நேரம் வேண்டும்.

இன்டர்வலில் கவனிக்க வேண்டிய கோடு 60 நாள். அதற்குள் வந்துவிட்டால் அந்த டெபாசிட்டை ‘ஃபிளெக்ஸ்சேஞ்ச்’ என்ற கடைசி நேரப் பரிமாற்றத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம். அதாவது பயணத்துக்கு 59 நாளிலிருந்து 24 மணி நேரம் வரை உள்ள இடைவெளியில் கிடைப்பதை எடுத்துக்கொள்வது. விமானச் சீட்டு வாங்க வேண்டிய குடும்பத்துக்கு அது பெரிய இடைஞ்சல். காரில் போகும் தூரத்தில் ரிசார்ட் உள்ளவர்களுக்கு அதுவே வசதி. அந்த இடைவெளியில் யூனிட் அளவு பற்றிய கட்டுப்பாடு தளர்வதால், லாக்-ஆஃபின் சிறிய பகுதியைக் கொடுத்துப் பெரிய யூனிட் வாங்குகிறவர்கள் அங்கேதான் வாங்குகிறார்கள்.

ஒப்படைக்குமுன் பராமரிப்புக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். அடுத்த ஆண்டு வாரத்தை முன்கூட்டி ஒப்படைப்பதாக இருந்தால், பில் வருவதற்கு முன்பே கட்டச் சொல்வார்கள். ஒன்பது மாதக் கோட்டைப் பிடிக்க வேண்டுமென்றால் இந்தப் பணத்தையும் முன்னதாகவே ஒதுக்கிவையுங்கள். ரிசார்ட் பணம் வந்ததை உறுதிசெய்யச் சில நாட்கள் எடுக்கலாம். கடைசி நாளில் கட்டிவிட்டு மறுநாள் டெபாசிட் ஏறவில்லை என்று தவிப்பது வழக்கமான காட்சி.

டெபாசிட்டின் ஆயுள் பொதுவாக உங்கள் வாரம் தொடங்கும் தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகள். அது பதிவு செய்ய வேண்டிய கடைசி நாளா, பயணம் தொடங்க வேண்டிய கடைசி நாளா என்பதை விதிகளில் படித்துத் தேதியோடு குறித்துவையுங்கள். ஆர்.சி.ஐ.யில் மிச்சம் மீதியாகக் கிடக்கும் டெபாசிட்டுகளைக் கட்டணம் கட்டி ஒன்றாகச் சேர்த்தால் புது ஆயுளும் கிடைக்கும். 4, 6 என்று சிதறிக்கிடக்கும் எண்களைச் சேர்ப்பதற்கு முன், சேர்ந்த எண்ணுக்கு உருப்படியாக ஏதாவது கிடைக்குமா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கும் கட்டணமும் போய்விடும்.

7. தேடுதல் கோரிக்கை போடுவது

கடினமான இடங்கள் தளத்தில் கண்ணிலேயே படாது. ஜூலையில் கலிபோர்னியா கடற்கரை, கிறிஸ்துமஸில் ஹவாய், மன்ஹாட்டன், அதிபர் தின வாரத்தில் பனிச்சறுக்கு ஊர்கள் எல்லாம் வந்தவுடன், காத்திருக்கும் கோரிக்கைகளுக்கே போய்விடும். பொருந்தாமல் மிஞ்சுவதுதான் தளத்துக்கு வரும். ஆகவே இப்படிப்பட்ட இடங்களுக்குத் தினமும் தளத்தைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை. முன்கூட்டியே கோரிக்கை போட்டுவைக்க வேண்டும். ஓராண்டுக்கு முன் போடுவது மிகையல்ல.

கோரிக்கை போடும்போதே எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். பொருந்தாவிட்டால் திரும்ப வரும். பொருந்தினால் பல சமயம் உங்களைக் கேட்காமலேயே உறுதியாகிவிடும். எனவே போகத் தயாராக இல்லாத ரிசார்ட்டையும் தேதியையும் ‘சும்மா இருக்கட்டும்’ என்று சேர்க்காதீர்கள்.

ஒரு பெரிய குழுமத்தின் ரிசார்ட்டைக் குறிவைத்தால், அந்தக் குழுமத்தின் உரிமையாளர்களுக்குச் சில நாட்கள் முன்னுரிமை இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். இன்டர்வலில் மேரியட் வாரங்கள் முதலில் மேரியட் உரிமையாளர் கண்ணுக்கே தெரியும். மற்றவர்கள் பிறகு மிஞ்சியதைப் பார்ப்பார்கள்.

8. உறுதி செய்யும் பொத்தானை அழுத்துமுன்

இந்தப் படியில் அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். நல்ல வாரம் போய்விடுமோ என்ற பயம். சில நிறுவனங்கள் ஒரு வாரத்தைக் குறுகிய நேரம் நிறுத்திவைக்க அனுமதிக்கும். அந்த நேரத்தில் இவற்றைப் பாருங்கள்.

உள்ளே போகும் கிழமை உங்கள் விடுமுறைக்கும் விமானச் சீட்டுக்கும் ஒத்துவருகிறதா. ‘6/4’ போன்ற எண்களில் இரண்டாவதன்படி எல்லோரும் படுக்க இடமிருக்கிறதா; குழந்தையும் ஒரு தலைதான், முதல் எண்ணையும் தாண்டினால் ரிசார்ட் உள்ளே விடாமல் இருக்கலாம். சமையலறை முழுமையானதா, வெறும் மைக்ரோவேவும் சிறு குளிர்சாதனப் பெட்டியும்தானா. ஸ்டுடியோக்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான். குக்கரைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்பில்லாமல் நிற்பது தேவையா? ரிசார்ட்டில் கட்ட வேண்டிய கட்டணங்கள் என்னென்ன. அந்தப் பருவத்தில் நீச்சல் குளம் அல்லது கட்டடம் பழுதுபார்ப்பில் இருக்கிறதா.

‘நான்கில் ஒன்று’ விதியையும் தேடுங்கள். சில ரிசார்ட்டுகள் எக்ஸ்சேஞ்சில் வருகிறவரை நான்கு ஆண்டுகளில் ஒருமுறைதான் அனுமதிக்கும். போன ஆண்டு பிடித்துப்போன இடத்துக்கு இந்த ஆண்டும் கோரிக்கை போட்டுக் காத்திருப்பவர்களுக்குப் பொருத்தமே வராது, காரணமும் புலப்படாது.

9. உறுதியான பிறகு

ரத்து விதிகளை அன்றே படியுங்கள். பயணத் தேதி நெருங்க நெருங்க, ரத்து செய்தால் திரும்பக் கிடைக்கும் மதிப்பு குறைந்துகொண்டே வரும். ரத்துப் பாதுகாப்பு எல்லோருக்கும் தேவையில்லை; விசா, பெற்றோரின் உடல்நிலை, வேலை என்று ஏதாவது இழுபறியில் இருந்தால் மட்டும் வாங்கலாம். இன்டர்வலின் ‘ஈ-பிளஸ்’ வேறு வகை. உறுதியான வாரத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி எக்ஸ்சேஞ்ச் கட்டணம் கட்டாமல் மூன்று முறை வரை வேறு வாரம் தேடலாம். சுமாரான வாரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நல்லது வரும்வரை தேடுகிறவர்களுக்கு அது கைகொடுக்கும்.

விருந்தினரை அனுப்புவதாக இருந்தால் சான்றிதழில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியலோடு எழுதும் நம் பெயர்களில் அப்பா பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்து நிரப்புங்கள். வரவேற்பு மேசையில் இரண்டும் பொருந்தாவிட்டால் சாவி கிடைப்பது இழுபறியாகும். பல ரிசார்ட்டுகள் உள்ளே போகும்போது முன்பணமாகப் பிடித்துவைக்கக் கிரெடிட் கார்டு கேட்கும். ஊரிலிருந்து வந்த பெற்றோரிடம் அங்கே செல்லுபடியாகும் கார்டு இல்லையென்றால், என்ன ஏற்பாடு செய்யலாம் என்று ரிசார்ட்டை முன்பே அழைத்துக் கேளுங்கள்.

எக்ஸ்சேஞ்சில் வாங்கிய வாரத்தையோ விருந்தினர் சான்றிதழையோ காசுக்கு விற்பதை இரண்டு பெரிய நிறுவனங்களும் தடை செய்திருக்கின்றன. கண்டுபிடித்தால் பதிவை ரத்து செய்வார்கள், கணக்கையும் முடக்கலாம். வாடகைக்கு விடுவதென்றால் உங்கள் சொந்த வாரத்தை, டெபாசிட் செய்வதற்கு முன் விடுங்கள்.

ரிசார்ட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் வரவேற்பு மேசைக்கு அடுத்த மேசையிலிருந்து ஒருவர் புன்னகையோடு கூப்பிடுவார். வாகன நிறுத்தச் சீட்டு அங்கேதான் வாங்க வேண்டும் என்பார். அது விற்பனை மேசை. நிறுத்தச் சீட்டை வாங்கிக்கொண்டு, காலை உணவு அழைப்புக்கு ‘வேண்டாம், நன்றி’ என்று சொல்லிவிட்டு அறைக்குப் போகலாம்.